மூடிக்கு மட்டும் வெண்ணெய்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பெட்ரோல் நிலையத்திலும் பை (pie, மாவுக்குள் கறி வைத்துச் சுட்டது) கிடைக்கும், விசேஷ வீட்டிலும் கிடைக்கும். உள்ளே ஆட்டிறைச்சிக் கறியோ சுகர் பீன்ஸோ (புள்ளி போட்ட காய்ந்த பீன்ஸ்) இருந்தால், இந்திய வம்சாவளியினர் வாழும் எங்கள் சாட்ஸ்வர்த் பக்கத்தில் காலை உணவும் அதுதான், இரவு உணவும் அதுதான். உள்ளே இருப்பதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. சுற்றியிருக்கும் பேஸ்ட்ரிதான், அதாவது அந்த மாவு உறைதான், தொல்லை. வீட்டில் ஒருவருக்குச் சர்க்கரை, இன்னொருவருக்குக் கொலஸ்ட்ரால் என்று ஆன பிறகு பையை விடுவதா, பேஸ்ட்ரியைத் திருத்துவதா என்ற கேள்வி எழுந்தது. விடுவதற்கு ஒருவரும் தயாரில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் மாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். எங்கள் வீட்டுப் பழைய அளவு, 23 செ.மீ. தட்டுக்கு 300 கிராம் கேக் மாவு (மைதா மாதிரி நைசான வெள்ளை மாவு), 200 கிராம் வெண்ணெய். அடியில் ஒரு மாவுத் தகடு, மேலே ஒரு மாவு மூடி. 100 கிராம் வெண்ணெயில் சுமார் 81 கிராம் கொழுப்பு. அதில் 51 கிராம், கொலஸ்ட்ராலை ஏற்றும் நிறைவுற்ற கொழுப்பு. எட்டுத் துண்டு போட்டால், ஒரு துண்டின் பேஸ்ட்ரியில் மட்டும் ஏறத்தாழ 13 கிராம் நிறைவுற்ற கொழுப்பும் 315 கலோரியும் வருகின்றன. நிறைவுற்ற கொழுப்பு ஒரு நாள் ஆற்றலில் 10 விழுக்காட்டைத் தாண்ட வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அது 22 கிராம். ஒரே துண்டோடு எழுந்துவிடுகிறவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஆயா, அதாவது என் பாட்டி, காலத்தில் வெண்ணெய் கிடையாது, எண்ணெயைக் கட்டியாக்கிச் செய்யும் மார்கரின்தான். விலை குறைவு, டர்பன் வெயிலிலும் சட்டென்று இளகாது. 2011இல் தென்னாப்பிரிக்க அரசு, எண்ணெயிலும் கொழுப்பிலும் 100 கிராமுக்கு 2 கிராமுக்கு மேல் டிரான்ஸ் கொழுப்பு கூடாது என்று விதித்தது. நல்ல காரியம். ஆனாலும் அறைச் சூட்டில் கட்டியாக நிற்க வேண்டிய பொருளில் நிறைவுற்ற கொழுப்பு கணிசமாக இருந்தே தீரும். கொழுப்பைக் குறைக்காமல் பெயரை மட்டும் மாற்றுவதில் பயனில்லை என்று மார்கரினை ஒதுக்கிவிட்டேன்.

அடுத்தது சூரியகாந்தி எண்ணெய். இங்கே எந்த அடுப்படியிலும் இருப்பது அதுதான். அதன் கொழுப்பில் நிறைவுற்றது பத்தில் ஒரு பங்கு அளவுதான். ஆனால் எண்ணெய் மாவும் வெண்ணெய் மாவும் வேறு வேறு இனம். குளிர்ந்த வெண்ணெய் மாவுக்குள் சிறு சிறு துணுக்குகளாக நிற்கும். அடுப்பில் அது உருகும்போது அந்த இடம் வெற்றிடமாகும்; அதிலுள்ள தண்ணீர் ஆவியாகி மேலடுக்கைத் தூக்கும். அப்படித்தான் ஏடு ஏடாகப் பிரிகிறது. எண்ணெய்க்கு அந்த வித்தை தெரியாது. அது மாவின் ஒவ்வொரு துகளையும் பூசிவிடுகிறது, மாவின் பசை (குளூட்டன்) இழுக்க முடியாமல் போகிறது. கிடைப்பது பிஸ்கட் மாதிரி நொறுங்கும் பேஸ்ட்ரி. ருசிக்குக் குறைவில்லை, ஆனால் மூடியாகப் போட்டால் தட்டையாக, ஒரு கலகலப்பும் இல்லாமல் படுத்துக்கிடக்கிறது.

முழுக்க ஆட்டா மாவில் செய்ததைப் பெரியம்மாவுக்குக் கொடுத்தேன். ஒரு வாய் மென்றார். “இதற்கு ரொட்டியே போட்டிருக்கலாமே, தம்பி” என்றார். ஆட்டாவில் இருக்கும் தவிடு தண்ணீரை மெதுவாகத்தான் குடிக்கும். பிசைந்ததும் தேய்த்தால் ஓரமெல்லாம் வெடிக்கும். அரை மணி நேரம் மூடி வைத்தால் ஓரளவு பணியும். ஆனால் பேச்சு கேட்கும் அளவுக்குப் பணிய வேண்டுமென்றால் பாதி ஆட்டா, பாதி கேக் மாவு என்பதே எல்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: ஆட்டா சேர்த்த மாத்திரத்தில் சர்க்கரைக்காரருக்கு இது மருந்தாகிவிடாது. நார்ச்சத்து சற்றுக் கூடுகிறது, அவ்வளவுதான். பேஸ்ட்ரியை மெல்லியதாகத் தேய்ப்பது அதைவிட அதிகம் உதவும்.

இவற்றையெல்லாம் செய்து பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஒன்று உறைத்தது. அடித்தகட்டில் ஏடு பிரிந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? கறியின் ஈரத்தில் அது எப்படியும் அமுங்கிவிடும். கண்ணுக்குத் தெரிவதும் பல்லில் படுவதும் மூடிதான். வெண்ணெயை அங்கே மட்டும் செலவழித்தால் என்ன?

இப்போதைய அளவு இது. அடிக்கு 75 கிராம் கேக் மாவு, 75 கிராம் ஆட்டா, 50 மில்லி எண்ணெய், ஒரு சிட்டிகை உப்பு, ஒன்றுசேரும் அளவுக்கு மாஸ். மாஸ் என்பது இங்கே எல்லாக் கடையிலும் கிடைக்கும் புளித்த பால்; இந்தியாவில் இருக்கிறவர்கள் கெட்டி மோர் என்று எடுத்துக்கொள்ளலாம். அந்தப் புளிப்பு மாவை மிருதுவாக்குகிறது. மூடிக்கு 120 கிராம் கேக் மாவு, 70 கிராம் வெண்ணெய், ஒரு கரண்டி வினிகர் கலந்த ஐஸ் தண்ணீர். மொத்தத்தில் ஒரு துண்டுக்கு நிறைவுற்ற கொழுப்பு 5 கிராம் அளவுக்கு இறங்கிவிட்டது; கலோரி 235. பழையதோடு பார்த்தால் கலோரி கால் பங்குதான் குறைந்திருக்கிறது. எண்ணெயும் கொழுப்புதானே, கிராமுக்கு 9 கலோரியை அது விட்டுக்கொடுக்காது.

மூடிக்கான வெண்ணெயை உறையவைத்துத் துருவுகிறேன். டர்பனில் பிப்ரவரி மாதம் கை வைத்தாலே வெண்ணெய் குழைந்துவிடும். துருவலை மாவில் உதறிக் கலந்து, தண்ணீர் தெளித்து, பிசையாமல் அழுத்திச் சேர்த்துக் குளிர்பெட்டியில் வைக்கிறேன். பிறகு கத்தியால் குறுக்கே வெட்டிப் பார்த்தால், வெட்டு முகத்தில் மஞ்சள் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிய வேண்டும். ஒரே நிறமாக மழுங்கியிருந்தால் அது ஏடு பிரியாது. அதை அடிக்கு வைத்துக்கொள்ளலாம். எண்ணெய் மாவை இரண்டு பேக்கிங் தாளுக்கு நடுவே வைத்துத் தேய்க்க வேண்டும். தூக்கினால் கிழியும், கிழிந்த இடத்தை விரலால் ஒட்டிவிட்டால் போதும், கோபித்துக்கொள்ளாது.

அடி ஊறிப்போவதுதான் கறிப் பையின் பரம்பரை நோய். புரட்டாசி விரதத்தில் சுகர் பீன்ஸும் உருளைக்கிழங்கும் தைம் இலை போட்டுச் செய்கிற கறியைத்தான் உள்ளே வைக்கிறோம். சோற்றுக்கு வைக்கும் பதத்தில் வைத்தால் எந்த மாவும் தாங்காது. குழம்பு வற்றி, கரண்டியில் எடுத்தால் விழாமல் நிற்க வேண்டும். முழுக்க ஆற வேண்டும். காரத்தை மட்டும் நான் குறைப்பதில்லை. விக்டோரியா தெருச் சந்தையில் மாமியார் பெயரைச் சொல்லி விற்கும் மசாலாத் தூளில் ஒரு கரண்டி போகிறது.

அடித்தகட்டின்மேல் இரண்டு தேக்கரண்டி வறுத்த ரவையைத் தூவிவிட்டுக் கறியைப் பரப்புகிறேன். மிஞ்சும் ஈரத்தை ரவை குடித்துவிடுகிறது. கண்ணாடித் தட்டை விட்டுவிட்டு மெல்லிய தகரத் தட்டுக்கு மாறினேன். அடுப்புக்குள் 200 டிகிரியில் முன்பே காய்ந்துகொண்டிருக்கும் இரும்புத் தட்டின்மேல் அதை வைக்கிறேன். 20 நிமிடம் கழித்து 180க்கு இறக்கி, மேலே நிறம் பிடிக்கும்வரை விடுகிறேன். மூடியில் கீறல் போடாவிட்டால் ஆவி வெளியேற வழியின்றி ஓரத்தைப் பிய்த்துக்கொண்டு வரும். முட்டைக்குப் பதில் பால் தடவினாலும் நிறம் வருகிறது, சற்று மங்கலாக.

விருந்தாளி வராத நாட்களில் அடித்தகட்டையே விட்டுவிடுகிறேன். கறியை ஆழமான பாத்திரத்தில் கொட்டி, மேலே சமோசா பூர் (சமோசா மடிக்கும் மெல்லிய மாவுத் தாள்) நான்கைந்தை எண்ணெய் தொட்டுத் தடவி, கசக்கியதுபோல் போட்டு 15 நிமிடம் சுட்டால் போதும். பூர் ஏற்கெனவே பாதி வெந்தது. சீக்கிரம் முறுகிவிடும், கண்ணை எடுக்கக் கூடாது. இதைப் பை என்று ஒப்புக்கொள்ள என் தம்பி மறுக்கிறான். பாத்திரத்தில் மிச்சம் வைப்பதில்லை என்பது வேறு விஷயம்.

அடுத்து ஆட்டிறைச்சியை வைத்துப் பார்க்க வேண்டும். அதன் கொழுப்பே கறியில் மிதக்கும். முந்தின நாளே சமைத்துக் குளிரவைத்து, மேலே உறைந்ததை வழித்தெடுத்தால் இதே மாவு தாங்கும் என்று நினைக்கிறேன். விரதம் முடியட்டும்.