உப்பு பூத்த ஸ்பீக்கர்

"மாப்ள, பாட்டு நின்னுபோச்சுய்யா"ன்னு காலைல மாமா ஸ்பீக்கர கைல குடுத்தாரு.

பாம்பன்ல வல்லத்துல மீன்பிடிக்கப் போறவருக்கு நான்தான் வாங்கிக் குடுத்தது. தூசி, தண்ணி தாங்குறதுக்கான ஐபி67 ரேட்டிங் உள்ளது, தண்ணில விழுந்தாலும் ஒண்ணும் ஆகாதுன்னு பெருமையா சொல்லி வேற குடுத்தேன். உண்மதான், ரெண்டு தடவ கடல்ல விழுந்து, தூக்குனதும் திரும்ப பாடிருக்கு.

சார்ஜ் ஓட்டைய மூடுற ரப்பர நெம்பிப் பாத்தா, உள்ள வெள்ளையா உப்பு பூத்துக் கெடக்கு. பின்னுல பச்சை ஏறிருக்கு, வெளக்காத குத்துவெளக்கு அடில இருக்குமே, அந்தப் பச்சை.

ஐபி67ல அந்த 7ன்னா ஒரு மீட்டர் ஆழத்துல 30 நிமிஷம் தாங்கும்னு அர்த்தம். ஆனா டெஸ்ட் பண்றது நல்ல தண்ணில! ஜன்னல் கம்பியவே தின்னுட்டுப் போற நம்மூரு உப்புக்காத்து அவனுகளுக்கு எங்க தெரியப்போகுது.

ஐயா காலத்துல டிரான்சிஸ்டர பாலிதீன் கவர்ல சுத்தி வச்சு இலங்கை வானொலி கேட்டுக்கிட்டே வல வலிப்பாங்க. அது இன்னும் பரண்ல இருக்கு, கவரோட.

"கடத்தண்ணி பட்டா நல்ல தண்ணில அலசி, காயவச்சுத்தான் சார்ஜ் போடணும் மாமா"ன்னேன்.

"குடிக்கிற தண்ணியே கொடம் காசு குடுத்து வாங்குறோம், இதுக்கு வேற குளிப்பாட்டணுமா"ன்னுட்டு, பழைய பல்லு ப்ரஷ வச்சு தேச்சுக்கிட்டு ஒக்காந்துருக்காரு.