உள்ள இடம் பத்தலையா சார்?

அவர் அப்படிக் கேட்டதும், "ஆமாங்க ஐயா, பசங்க ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டேன். பல்கலைக்கழகத்துக்குத் தம் தகப்பனார் பெயரில் கூடைப்பந்துப் பயிற்சி அரங்கம் கட்டிக்கொடுத்தவர், ராணிப்பேட்டையில் தோல் தொழில் செய்து ஓய்ந்தவர், சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மாலை வந்து நின்றார். பிள்ளைகள் அரங்கத்துக்கு வெளியே, பழைய சிமெண்ட் தரையில் ஆடிக்கொண்டிருந்தார்கள். வாசல் மறுபக்கம் என்பதால் பூட்டு அவர் கண்ணில் பட்டிருக்காது. பட்டிருந்தும் கேட்டாரோ என்பதுதான் இன்றுவரை என்னை அரிக்கிறது.

மரத்தரை வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தவன் நான். சிமெண்டில் குதித்துக் குதித்து என் வலது முழங்கால் முப்பது வயதிலேயே போய்விட்டது; அந்த வகையில் எனக்கு இப்போதும் வருத்தமில்லை. ஆனால் மேப்பிள் பலகை ஐப்பசி மழையின் ஈரத்தில் உப்பும், கத்திரி வெயிலில் சுருங்கி இடைவெளி விடும். உள்ளே காற்றின் ஈரம் ஏறி இறங்காமல் காக்க வேண்டும். 28க்கு 15 மீட்டர் ஆடுகளம், அதற்கு மேல் 7 மீட்டருக்குக் குறையாத வெற்று உயரம் என்றால், அத்தனை காற்றுக்கும் இயந்திரம் ஓடியாக வேண்டும். விளக்குகளையும் சேர்த்து மின்கட்டணம் வந்த முதல் மாதமே, காலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் திறக்கக் கூடாது என்று அலுவலகம் உத்தரவு போட்டது.

இது எனக்கு முன்பே தெரியும். திட்ட அறிக்கையின் முதல் வரைவில் ஆண்டுப் பராமரிப்பு என்று ஒரு பத்தி எழுதியிருந்தேன். "குடுக்கறவர்கிட்ட செலவையும் சேர்த்தா சொல்லுவாங்க?" என்று மேலிடத்தில் அடித்துவிட்டார்கள், திருத்திய பிரதியில் கையெழுத்துப் போட்டவன் நான்தான். அந்தப் பத்தி இருந்திருந்தால் அவர் கல்யாண மண்டபம் கட்டப் போயிருக்கலாம் என்று என்னை நானே தேற்றிக்கொள்கிறேன். கட்டடத்தில் கல்வெட்டு வைக்கலாம், மின்கட்டண ரசீதில் யார் பெயரைப் பொறிப்பது? ஆனால், தோல் பதனிடும் தொழிற்சாலை நடத்தியவருக்கு ஈரமும் மின்கட்டணமும் புரியாதா என்ற கேள்வி வரும்போது அந்தத் தேறுதல் நிற்பதில்லை. நான் அவரிடம் கேட்டே பார்க்கவில்லை.

வெளியே நின்று எறிந்து போட்டால் மூன்று புள்ளி தரும் வளைவுக் கோடு, வெளித்தரையில் இன்னமும் 2010க்கு முன் தீட்டிய 6.25 மீட்டரில்தான் கிடக்கிறது; போட்டிகளில் அந்த மூன்று புள்ளிக் கோடு 6.75. மாலை முழுவதும் பழைய கோட்டில் எறிந்து பழகிய பிள்ளைகள், போட்டியில் அரை மீட்டர் பின்னால் நின்று எறியும் பந்து வளையத்தைத் தொடாமலே விழுகிறது. புதுக் கோடு தீட்ட ஒரு டப்பா பெயிண்ட் போதும். அரங்கம்தான் வந்துவிட்டதே என்று அதையும் நான் செய்யவில்லை.

அன்று அவர் வெகுநேரம் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "அப்ப பக்கத்துலயே இன்னொண்ணு கட்டிடலாமா சார்?" என்றார். நான் சிரித்து வைத்தேன். மறுவாரமே அலுவலகத்துக்கு அவரிடமிருந்து கடிதம் வந்துவிட்டது. அறிக்கை தயாரிக்கும் வேலையும் என்னிடமே வந்தது. பராமரிப்பு என்று தலைப்பு எழுதியிருக்கிறேன். அதற்கு எதிரே தொகையை இன்னும் நிரப்பவில்லை.