பள்ளி திறந்த பிறகு தொலைந்தவை

சேர்வராயன் மலையில் காபி பழுக்கத் தொடங்கும் பருவத்தில், 2021 நவம்பர் 1 அன்று, ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்குத் தமிழ்நாட்டில் கொரோனாவால் மூடியிருந்த பள்ளிகள் மறுபடியும் திறந்தன. சேலத்திலிருந்து காலைப் பேருந்தில் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, ஏற்காட்டில் வண்டி மாறி, கடைசி இரண்டு கிலோமீட்டரைச் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே நடந்து நான் பள்ளியை அடைந்தபோது, பிள்ளைகள் எனக்கு முன்பே வந்து பூட்டிய கதவுக்கு வெளியே நின்றிருந்தார்கள். 19 மாதங்களில் எல்லோருமே ஒரு சாண் வளர்ந்திருந்தார்கள். சீருடை ஒருவருக்கும் பொருந்தவில்லை. அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே உள்ளே போன நான், பாடப்புத்தகமும் அதே போலப் பொருந்தாமல் போயிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவில்லை.

ஆறாம் வகுப்பில் அன்று விகிதம் என்ற பாடத்தைத் தொடங்கினேன். அந்தப் பிள்ளைகள் கடைசியாக வகுப்பறையில் உட்கார்ந்தபோது நான்காம் வகுப்பில் இருந்தவர்கள். ஐந்தாம் வகுப்பு அவர்களுக்குக் காகிதத்தில் மட்டும் நடந்து முடிந்திருந்தது. கரும்பலகையில் நான் எழுதியதை முதல் வரிசைப் பெண் ஒருத்தி முத்து முத்தாக எழுதி முடித்திருந்தாள். 'இதை வாசி கண்ணு' என்றேன். தலை குனிந்தாள். வகுப்பு முடிந்து எல்லோரும் வெளியே போன பிறகு அருகே வந்து, 'எழுத்தெல்லாம் தெரியுங்க டீச்சர், கூட்டிப் படிக்கத்தான் வரலீங்க' என்றாள். அவள் எழுதியது எழுத்தல்ல, கோலம். புள்ளி பிசகாமல் இழுக்கப்பட்ட கோலம்.

அதைக் கேட்ட பிறகும் மறுநாள் நான் விகிதத்தையே தொடர்ந்தேன் என்பதை எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்குப் பொருளில்லை. விடுபட்ட வகுப்புகளை இணைப்பதற்கென்று புத்தாக்கப் பயிற்சிக் கட்டகம் ஒன்று அந்த ஆண்டு எங்கள் கையில் இருக்கத்தான் செய்தது. அதையும் முடிக்க வேண்டிய இன்னொரு பாடமாகவே கருதி, வேகமாக முடித்தேன். மேலிருந்து வந்த படிவங்கள் எத்தனை அலகு முடிந்தது என்று கேட்டன. எந்தப் பிள்ளை எங்கே நிற்கிறது என்று ஒரு படிவமும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. 2022 ஜனவரியில் மூன்றாம் அலையால் பள்ளி மீண்டும் மூடப்பட்டபோது, வீட்டில் உட்கார்ந்து அந்த இரண்டு மாதக் கணக்கு நோட்டுகளைத் திருத்தினேன். பக்கத்துக்குப் பக்கம் கரும்பலகையின் நகல் இருந்தது. தானாகப் போட்ட ஒரு கணக்குகூட இல்லாத நோட்டுகளே அதிகம்.

பெருந்தொற்றில் பிள்ளைகள் இழந்த படிப்பைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் மூடியிருந்த நாள்களையே எண்ணுகிறோம். 2020 ஏப்ரலில் உலகம் முழுவதும் சுமார் 160 கோடி மாணவர்கள் பள்ளிக்கு வெளியே இருந்தார்கள் என்பதும், உகாண்டாவில் பள்ளிகள் முழுமையாகத் திறக்க 2022 ஜனவரி வரை ஆனது என்பதும் அந்த எண்ணிக்கையின் பகுதிகள். ஆனால் என் நோட்டுத் திருத்தலுக்கு விளக்கம் கிடைத்தது வேறொரு பேரிடரிலிருந்து. 2005 அக்டோபரில் வட பாகிஸ்தானில் நேர்ந்த நிலநடுக்கத்தால் அங்கே பள்ளிகள் சராசரியாக 14 வாரங்கள் மூடியிருந்தன. நான்கு ஆண்டுகள் கழித்துச் சோதித்தபோது, நிலப்பிளவுக்கு அருகே வாழ்ந்த பிள்ளைகள் தொலைவில் வாழ்ந்தவர்களைவிட ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுப் படிப்பு பின்தங்கியிருந்தார்கள். 14 வாரம் எப்படி ஒன்றரை ஆண்டாகும்? மீதி இழப்பு பள்ளி திறந்த பிறகு சேர்ந்தது. வகுப்பு தன் வேகத்தில் போய்க்கொண்டே இருக்க, ஒரு படி தவறிய பிள்ளை அதற்கு மேலுள்ள எந்தப் படியிலும் கால் வைக்க முடியாமல் நின்றுவிடுகிறது. தொடக்கக் கல்வியையாவது முடித்த தாயின் பிள்ளைகளுக்கு அந்த இழப்பு நேரவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. எங்கள் மலைக் கிராமங்களில் காபித் தோட்டத்துக்குப் போகும் தாய்மார்களில் எத்தனை பேர் கையொப்பத்துக்கு மேல் எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

கைப்பேசி வழிக் கல்வியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் ஊரில் சிக்னல் கிடைக்கும் இடம் ஒரு பாறைதான். வீட்டுக்கு ஒரு கைப்பேசி இருந்தாலும் அது குடகுக்கு மிளகு பறிக்கப் போன அப்பாவின் சட்டைப்பையில் இருந்தது. கல்வித் தொலைக்காட்சி ஓரளவு உதவியது. சிக்னல்தான் குறை என்றால், இணையம் இல்லாத வீடே அரிதாக இருக்கும் நெதர்லாந்தில் படிப்பு இழப்பே இருந்திருக்கக் கூடாது. அங்கே பள்ளிகள் மூடியிருந்தது எட்டே வாரம். அந்த எட்டு வாரத்தில் வீட்டிலிருந்து படித்த பிள்ளைகள் ஏறக்குறைய ஒன்றும் முன்னேறவில்லை என்று அளந்து சொல்லியிருக்கிறார்கள்.

2022 பிப்ரவரி 1 அன்று பள்ளி மறுபடி திறந்தபோது புத்தகத்தை அலமாரியிலேயே வைத்துவிட்டேன். ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக அழைத்து, ஒரு பத்தியை வாசிக்கவும் ஒரு வகுத்தலைச் செய்யவும் சொன்னேன். நான்கு நாள்கள் ஆயின. ஊரடங்குக் காலத்தில் சேலத்தில் மாமா வீட்டில் தங்கி, கொலுசுப் பட்டறையில் எடுபிடி வேலை செய்துவிட்டு வந்த பையன் ஒருவன் இருந்தான். 1,000 வகுத்தல் 60 என்று எழுதிக் கொடுத்தேன். வெகு நேரம் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தான். 'சரி, ஜோடி 60 கிராம் கொலுசு. ஒரு கிலோ வெள்ளியில் எத்தனை ஜோடி வரும்?' என்றேன். கண் இமைப்பதற்குள், 'பதினாறு ஜோடி போவ நாப்பது கிராம் மிஞ்சும் டீச்சர்' என்றான். ஈவும் மீதியும் அவனிடம் இருந்தன. அவற்றை எழுதும் முறைதான் இல்லை. இழப்பு என்ற ஒரே சொல்லால் அவனையும் அந்தக் கோலக்காரியையும் சேர்த்து அளந்தால் இருவருக்குமே மருந்து தவறிப்போகும்.

மாலை வேளைகளில் நடந்த இல்லம் தேடிக் கல்வி வகுப்புகள் எங்களுக்கு வழி காட்டின. 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணத்தில் தொடங்கப்பட்ட அந்தத் திட்டத்தில், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை பெறும் தன்னார்வலர்கள் அந்தந்த ஊரிலேயே பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். எங்கள் ஊர் அக்காவுக்கு முடிக்க வேண்டிய பாடம் எதுவும் இல்லை. கூட்டிப் படிக்கத் தெரியாதவளுக்குக் கூட்டிப் படிப்பதைச் சொல்லித்தர யாருடைய அனுமதியும் அவருக்குத் தேவைப்படவில்லை. ஊரகத் தமிழ்நாட்டில் சுமார் 19,000 பிள்ளைகளைப் பின்தொடர்ந்த ஆய்வொன்று, பள்ளி திறந்த ஆறே மாதங்களில் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டதாகவும், அந்த மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இந்த மாலை வகுப்புகளால் வந்ததாகவும் கணக்கிட்டது. பட்டமும் பயிற்சியும் பெற்ற எங்களுக்கு அந்தச் செய்தி சற்றே உறுத்தியது, உறுத்தட்டும்.

2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைக்கேற்பப் பிரித்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் அது முதலில் வந்தது ஒன்று முதல் மூன்று வரைதான். 2020 மார்ச்சில் ஒன்றாம் வகுப்பில் இருந்து, அகர வரிசையோடு வீட்டுக்குப் போன பிள்ளை அந்த ஜூனில் நான்காம் வகுப்பில் காலெடுத்து வைத்திருந்தது. திட்டம் என்ற பேருந்து வந்தபோது பிள்ளை நிறுத்தத்தைத் தாண்டி நடந்துவிட்டது. அடுத்த ஆண்டில் நான்கும் ஐந்தும் சேர்க்கப்பட்டன. பிள்ளையைப் பார்க்காமல் வகுப்பைப் பார்த்தே திட்டம் வகுத்துக்கொண்டிருக்கும் வரை இந்தத் துரத்தல் ஓயாது. எங்கள் நாட்டில் மட்டுமல்ல, எங்கும் பள்ளி நிர்வாகங்களின் கண் வயதையும் வகுப்பையும்தான் முதலில் பார்க்கிறது.

இப்போது ஒவ்வொரு ஜூன் முதல் வாரத்திலும், பிள்ளைக்கு ஒரு பக்கம் என்று ஒரு நோட்டு போடுகிறேன். எதை வாசிக்கிறது, எந்தக் கணக்கில் தடுமாறுகிறது, வாயால் செய்வதை எழுதத் தெரிகிறதா என்று நாலு வரி. அதை யாரும் கேட்டு வாங்குவதில்லை. அந்தக் கோலக்காரி 2024இல் எட்டாம் வகுப்பை முடித்தாள். வாசிப்பு வந்துவிட்டது; பின்னங்களில் இன்னும் தயக்கம். மாற்றுச் சான்றிதழில் மேல்வகுப்புக்குத் தேர்ச்சி என்று எழுத இடம் இருந்தது, இதை எழுத இடமில்லை. அவளுடைய பக்கத்தைக் கிழித்துச் சான்றிதழோடு குண்டூசியால் குத்திக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து, அவள் சேர்ந்த உயர்நிலைப் பள்ளியிலிருந்து கணக்கு ஆசிரியர் அழைத்து, 'டி.சி.யோட ஒரு தாள் வந்திருக்கே, இது என்னங்க டீச்சர்?' என்று கேட்டார். நின்ற இடத்திலேயே அரை மணி நேரம் பேசினோம்.