பட்டியும் குட்டையும்: எலிக்காய்ச்சல் கண்காணிப்பு நாட்குறிப்பு

செப்டம்பர் 6

மழை விட்டதும் பட்டிக்குப் போனோம். சில மாடுகளுக்குப் பால் சட்டென்று வற்றிவிட்டது, ஒரு கிடேரி கன்று வீசிவிட்டது. மடியைத் தொட்டுப் பார்த்தேன்: வீக்கமோ சூடோ இல்லை, நான்கு காம்புப் பக்கமும் ஒரே மாதிரி தொளதொளவென்று இருந்தது. மடிநோய் பெரும்பாலும் இப்படி நான்கையும் ஒன்றாகப் பிடிக்காது. எலிக்காய்ச்சல் கிருமியான லெப்டோஸ்பைராவாக இருக்கலாம் என்றேன். "எங்க பட்டியில எலியே கிடையாதே" என்றார் மாட்டுக்காரர். அந்தக் கிருமியில் ஹார்ட்ஜோ என்ற வகைக்கு எலி வேண்டியதில்லை. மாட்டின் சிறுநீரகத்திலேயே குடியிருந்து மாதக்கணக்கில் மூத்திரத்தில் இறங்கிக்கொண்டிருக்கும்.

செப்டம்பர் 7

கழுத்து நரம்பில் ரத்தம் எடுப்பது சுலபம். மூத்திரம்தான் பொறுமையைச் சோதிக்கும். மூத்திரம் பெருக்கும் ஃபுரோசமைடு ஊசி போட்டு, முதலில் வருவதை விட்டுவிட்டு அடுத்து வருவதைப் பிடித்தோம். கையுறை மட்டும் போதாது, கண்ணாடியும் வேண்டும். கண்ணில் ஒரு துளி தெறித்தாலும் கிருமி உள்ளே போய்விடும். அமிலம் இதற்கு ஆகாது, ஆனால் மாட்டு மூத்திரம் காரத்தன்மை உள்ளது. அதில் சொகுசாக இருக்கும்.

செப்டம்பர் 8

தண்ணீர் எடுக்கும் நாள். குட்டையின் நடுவில் தெளிந்த நீரை மொண்டு வருவதில் பெரிய பயன் இல்லை என்பது என் கட்சி. மாடு இறங்கி நின்று மூத்திரம் பெய்யும் ஓரத்துச் சேற்றுநீர்தான் வேண்டும். வாய்க்காலிலும் தொட்டியிலும் எடுத்தோம். குட்டை நீரின் பி.எச். (அமில-கார அளவு) 7.4, இந்தக் கிருமிக்கு நல்ல வசதி. உப்புநீரும் வெயிலில் காய்வதும் அதைக் கொல்லும்.

தண்ணீரில் இன்னொரு தொல்லை. யாருக்கும் தீங்கு செய்யாத லெப்டோஸ்பைராக்களும் அங்கே தாராளமாக உண்டு. இருட்டுப்புல நுண்ணோக்கியில் இரண்டும் ஒரே மாதிரி நெளியும். அதனால் நோய் தரும் இனங்களில் மட்டும் உள்ள லிப்எல்32 மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனைதான் நம்பிக்கை.

செப்டம்பர் 15

ரத்த முடிவு வந்தது. உயிருள்ள கிருமியோடு சீரத்தை (ரத்தத்தின் தெளிநீரை) கலந்து, ஒட்டித் திரள்கிறதா என்று பார்க்கும் சோதனை. பல மாடுகளின் சீரம் நூறு மடங்குக்கு மேல் நீர்த்த பிறகும் (1:100-ஐத் தாண்டி) திரண்டது. இவற்றுக்குத் தடுப்பூசி போட்டதில்லை, ஆகவே ஊசியால் வந்த எதிர்ப்போ என்ற குழப்பம் இல்லை. ஆனால் கறுப்பு மாடு ஒன்றுக்கு ரத்தத்தில் ஒன்றுமே இல்லை, மூத்திரத்தில் மட்டும் பிசிஆர் பாசிட்டிவ்! ஹார்ட்ஜோவில் இது நடக்கும். ரத்தத்தை மட்டும் பார்த்திருந்தால் கிருமி கொட்டும் மாடு "நல்ல மாடு" பட்டியலில் சேர்ந்திருக்கும்.

செப்டம்பர் 19

குட்டையின் ஒரு மூலை பாசிட்டிவ். வாய்க்காலும் தொட்டியும் நெகட்டிவ். அறிக்கையில் "பாதுகாப்பானது" என்று போடச் சொன்னார்கள். "எடுத்த மாதிரியில் கிடைக்கவில்லை" என்று மட்டும் எழுதினேன். அடுத்த மழையில் குட்டை வழிந்தால் வாய்க்காலுக்கும் போகுமே.

செப்டம்பர் 20

குட்டைக்கு வேலி கட்டியாயிற்று, மாடுகளுக்கு இனித் தொட்டித் தண்ணீர்தான். கிருமி கொட்டும் மாடுகளுக்கு ஆக்சிடெட்ராசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மருந்து. பால் கறப்பவருக்குக் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு. "மாட்டு வேலை என்று மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள்" என்று அனுப்பினேன். சொல்லாவிட்டால் வேறு காய்ச்சல் என்று நினைக்க வாய்ப்புண்டு. கறுப்பு மாட்டின் மூத்திரத்தை 29-ஆம் தேதி மறுபடி எடுக்க வேண்டும்.