ஹிட்டே இல்லாமல் வந்த ரன்

1965 செப்டம்பர் 9, டாட்ஜர் ஸ்டேடியத்தில் ஒரு பேஸ்பால் ஆட்டம். டாட்ஜர்ஸ் அணிக்குப் பந்து வீசியவர் சாண்டி கோஃபாக்ஸ், கப்ஸ் அணிக்கு பாப் ஹெண்ட்லி. இருவருமே இடக்கை பிட்சர்கள். ஸ்கோர் 1-0.

அந்த ஒன்று எப்படி வந்தது என்பதுதான் கூத்து. ஐந்தாவது இன்னிங்ஸில் டாட்ஜர்ஸின் லூ ஜான்சன் நாலு ‘பால்’ (எல்லைக்கு வெளியே போன, அவர் அடிக்காமல் விட்ட வீச்சுகள்) வாங்கி, அடிக்காமலேயே முதல் பேஸுக்கு நடந்தார். ரான் ஃபேர்லி பந்தை மெல்லத் தட்டி பண்ட் போட்டு, தான் அவுட்டாகி, அவரை இரண்டாவதுக்கு நகர்த்தினார். ஜான்சன் மூன்றாவதைத் திருட, அதாவது யாரும் பந்தை அடிக்காமலேயே பிடிக்க ஓட, கப்ஸின் கேட்சர் (அடிப்பவருக்குப் பின்னால் நின்று பந்து பிடிப்பவர்) கிறிஸ் கிரக் எறிந்தது ஆளைத் தாண்டி லெஃப்ட் ஃபீல்டுக்குப் பறந்தது. ஜான்சன் ஓடி முடித்துவிட்டார், ரன்! ஃபீல்டிங் பிழை என்பதால் ஹெண்ட்லி விட்டுக்கொடுத்த ரன்களின் சராசரியில் அது ஏறாது. தோல்வி மட்டும் அவர் கணக்கில்தான். பாவம்.

இரு அணிக்கும் சேர்த்து ஒரே ஹிட் (பந்தை அடித்துப் பேஸ் சேர்வது), ஏழாவதில் அதே ஜான்சன் அடித்து இரண்டாவது பேஸ் வரை போன நோஞ்சான் டபுள். கோஃபாக்ஸோ தன்னை எதிர்கொண்ட 27 பேரையும் வரிசையாக அவுட்டாக்கினார். அதில் ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக் வாங்கி அவுட்டாவது) 14. கடைசி ஆறு பேரும் அதில் அடக்கம்.