வரித்துறைக்கு மதம், விற்பனை மேசைக்கு அறிவியல்

அமெரிக்காவில் எல். ரான் ஹப்பர்ட் தொடங்கிய சயின்டாலஜி இயக்கம் மதமா, உளவியலா, போலி அறிவியலா என்று டர்பன் பக்கம் நம்மவர்களிடையே பேச்சு எழுந்தால், கடைசியில் காவடியில் போய்த்தான் முட்டி நிற்கும். "அலகு குத்துகிறோமே, அதை எந்த ஆய்வகத்தில் சோதித்தார்கள்? அவர்களிடம் மட்டும் ஏன் சான்று கேட்கிறீர்கள்?" கேள்வி நியாயம்தான். ஆனால் இந்த அலகு உங்கள் ஐ.க்யூவை உயர்த்தும், விலை இவ்வளவு என்று எந்தக் கோயிலும் பட்டியல் நீட்டுவதில்லை. மொத்த இயக்கத்துக்கும் ஒரே பெயர் தேடுவதை விட, எந்த வாக்குறுதியை யாரிடம் சொல்கிறார்கள் என்று பிரித்துப் பார்த்தால் விஷயம் சீக்கிரம் தெளியும்.

1950 மே மாதம், இந்த இயக்கத்துக்கு வித்திட்ட ஹப்பர்டின் 'டயனெடிக்ஸ்' புத்தகம் வெளிவந்தபோது மதம் என்ற பேச்சே கிடையாது. மனநலத்தின் நவீன அறிவியல் என்று அட்டையிலேயே போட்டிருந்தது. நாம் நினைவிழந்து கிடக்கும்போதும் வலியில் துடிக்கும்போதும் சுற்றி நடப்பதெல்லாம் 'எங்கிராம்' என்ற பதிவாக உள்ளே தங்கிவிடுகிறது. அந்தச் சம்பவத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தால், அதாவது 'ஆடிட்டிங்' செய்தால், பதிவு அழியும். எல்லாம் அழிந்தவர் 'கிளியர்'. இதுதான் அடிப்படை. அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்க உளவியல் சங்கம், இதற்குச் சான்று இல்லை, ஆய்வுக்கு மட்டும் பயன்படுத்துங்கள் என்று தீர்மானம் போட்டது. 1953 ஏப்ரலில் ஹப்பர்ட் தன் சகா ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் மதம் என்ற கோணத்தை ஒரு வியாபார யோசனையாகவே பேசுகிறார். அந்த டிசம்பரில் நியூ ஜெர்சியில் சபை பதிவானது. இந்தத் தேதி வரிசையே எனக்குப் பாதி பதில்.

எங்கிராம் என்பது சோதிக்கக்கூடிய கூற்று, சோதித்தும் பார்த்தார்கள். 1959இல் வெளியான ஓர் ஆய்வில், ஒருவருக்குப் பென்டதால் கொடுத்து மயங்க வைத்து, இயற்பியல் பாடநூலிலிருந்து 35 சொற்கள் கொண்ட ஒரு பகுதியைப் படித்துக் காட்டினார்கள். பிறகு ஏறக்குறைய ஆறு மாதம் டயனெடிக்ஸ் பயிற்சி பெற்றவர்களே அவரை 'ஆடிட்டிங்' செய்தார்கள். அந்த 35 சொற்கள் வெளியே வரவே இல்லை. ஒரே ஆளை வைத்துச் செய்த சோதனை, உண்மைதான். ஆனால் மயக்கத்திலும் பதிவு விழும் என்பது விதிவிலக்கில்லாத கூற்று. அதை அசைக்க அது போதும்.

அடுத்தது இ-மீட்டர், ஆடிட்டிங்கின்போது கைக்கு ஒரு டப்பா பிடிக்க வைத்து உடலின் மின்தடையை முள்ளால் காட்டும் கருவி. இதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். இரண்டு காலி பீன்ஸ் டப்பா, முதலைவாய் கிளிப் மாட்டிய இரண்டு வயர், ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் மலிவான மல்டிமீட்டர். டப்பாவின் தாளை உரித்து, பசையைக் கழுவி, வெளிப்பக்கத்தை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துக்கொள்ளுங்கள். மேலே வார்னிஷ் இருந்தால் மின்சாரம் பாயாது. மீட்டரை ஓம் பக்கம் 200 கே-யில் வையுங்கள். அதிலுள்ள பாட்டரியே போதும், வேறு மின் இணைப்பு எதுவும் கொடுக்கக் கூடாது. கைக்கு ஒரு டப்பா பிடித்தால் சில ஆயிரம் ஓமிலிருந்து சில பத்தாயிரம் ஓம் வரை எதையாவது காட்டும். இறுக்கிப் பிடித்தால் எண் இறங்கும். மூச்சை இழுத்துப் பிடித்தாலும் இறங்கும். பிடித்திருப்பவரிடம் "சம்பளம் எவ்வளவு?" என்று திடீரென்று கேளுங்கள், ஓரிரு விநாடி கழித்து இறங்கும், ஏனென்றால் உள்ளங்கை வியர்க்க அவ்வளவு நேரம் ஆகும். கை காய்ந்திருந்தாலோ, கிரீம் தடவியிருந்தாலோ, மோதிரம் டப்பாவில் பட்டாலோ எல்லாம் குழம்பும்.

இப்போது அதே கேள்வியைப் பத்து முறை கேளுங்கள். எண் அசைவது குறைந்துகொண்டே வரும். உடல் பழகிவிடுகிறது, அவ்வளவுதான். ஆடிட்டிங் அறையில் இதைத்தான் பதிவு அழிந்ததற்கு அடையாளம் என்கிறார்கள். கருவி பொய் சொல்லவில்லை. அது காட்டுவதற்குக் கொடுக்கும் விளக்கம்தான் பொய். இ-மீட்டரின் அளவுகோலில் 2 என்றால் 5,000 ஓம், அது 'கிளியர்' பெண்ணுக்கு. 3 என்றால் 12,500 ஓம், அது ஆணுக்கு. தோலின் ஈரத்துக்கு ஏன் இப்படிப் பால் பிரித்தார்கள் என்று எந்த உடலியல் நூலிலும் தேட வேண்டாம்.

1963 ஜனவரியில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் வாஷிங்டனில் நூற்றுக்கும் மேற்பட்ட இ-மீட்டர்களைப் பறிமுதல் செய்தது. 1971இல் வந்த தீர்ப்பு: மத ஆலோசனைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம், எந்த நோயையும் கண்டறியவோ குணமாக்கவோ உதவாது என்று அதன்மேல் எழுதியாக வேண்டும். அதே டப்பா, அதே முள். மருந்துக் கடை வாசலில் நிற்க முடியாதது பூசை அறையில் உட்கார்ந்துகொண்டது.

மனம் லேசானது என்று சிலர் சொல்வதை நான் மறுக்க மாட்டேன். ஒருவர் குறுக்கிடாமல் மணிக்கணக்கில் நம் பேச்சைக் கேட்டால் யாருக்கும் லேசாகும். பயந்த நினைவைத் திரும்பத் திரும்பச் சொன்னால் அதன் கூர்மை மழுங்குவது முறையான சிகிச்சையிலும் உண்டு. உடலைச் சுத்தம் செய்வதாக அவர்கள் நடத்தும் 'பியூரிஃபிகேஷன்' வேறு ரகம். நாளுக்குச் சுமார் ஐந்து மணி நேரம் சானா என்ற வெப்ப அறை, படிப்படியாக 5,000 மில்லிகிராம் வரை நியாசின் என்ற வைட்டமின் பி3. வளர்ந்த ஆணுக்கு ஒரு நாளைக்குத் தேவை 16 மில்லிகிராம். தோல் சிவந்து எரிவதை உள்ளே இருந்த நஞ்சும் கதிர்வீச்சும் வெளியேறுகின்றன என்கிறார்கள். நியாசின் ரத்தக்குழாய்களை விரிப்பதால் வரும் சிவப்பு அது. அந்த அளவில் கல்லீரல் கெடலாம். இதற்கு மதம் என்ற போர்வை எவ்வளவு போர்த்தினாலும் அது மருத்துவக் கூற்றுதான், அதுவும் தவறான கூற்று.

நம் தென்னாப்பிரிக்கக் கதை இன்னும் சிக்கல். ஹப்பர்ட் 1960-61இல் ஜோஹன்னஸ்பர்க்கில் குடியிருந்தார். 1969இல் அமைத்த அரசு விசாரணை ஆணையம் 1972இல் அறிக்கை தந்தது: இயக்கத்தைத் தடை செய்வதில் பயனில்லை, ஆனால் குடும்பத்தாரோடு உறவை முறிக்க வைப்பது, ரகசிய விசாரணை போன்ற நடைமுறைகளைத் தடுக்க வேண்டும், மனச்சிகிச்சை தருபவர்களைப் பதிவுக்குள் கொண்டுவர வேண்டும் என்றது. அடுத்த சில ஆண்டுகளில், கறுப்பின நோயாளிகளை அடைத்து வைத்திருந்த தனியார் மனநல விடுதிகளின் அவலத்தைக் கிளறியவர்களில் இந்த இயக்கத்தாரும் உண்டு. அப்பார்தைட் (நிறவெறி) அரசு 1976இல் சட்டம் திருத்தி வாயை அடைக்கப் பார்த்தது. 1978இல் வந்து பார்த்த அமெரிக்க மனநல மருத்துவர் சங்கக் குழு, அங்கே தேவையில்லாத சாவுகள் நடந்ததை உறுதிசெய்தது. எங்கிராம் தவறு என்பதால் அவர்கள் சொன்ன எல்லாமே தவறாகிவிடாது. அதுபோலவே, விடுதிகளைப் பற்றிச் சொன்னது சரி என்பதால் எங்கிராமும் சரியாகிவிடாது.

2007இல் இங்கே வரிவிலக்கும் கிடைத்தது. அமெரிக்காவில் 1993இலேயே கிடைத்தாயிற்று. பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2013இல் அவர்களுடைய கூடத்தைத் திருமணம் நடத்தும் வழிபாட்டு இடம் என்று ஏற்றது. அதே ஆண்டு பிரான்சின் உச்ச நீதிமன்றம் அவர்களுக்கு விதித்த மோசடித் தண்டனையை உறுதிசெய்தது. இதில் முரண்பாடு ஒன்றும் இல்லை, இரண்டு நீதிமன்றங்களும் வெவ்வேறு கேள்விக்குப் பதில் சொன்னவை. வரிவிலக்குக் கடிதத்தை நீட்டி "அரசே ஒப்புக்கொண்டது" என்பவரிடம், எதை ஒப்புக்கொண்டது என்று கேளுங்கள்.

டர்பனின் சாட்ஸ்வொர்த்தோ ஃபீனிக்ஸோ, மால் வாசலில் யாராவது 200 கேள்வி கொண்ட இலவச ஆளுமைத் தேர்வை நீட்டினால், விடைகளை வரைபடமாக்கி, கோடு கீழே போகும் இடத்தில் ஒரு வகுப்பை விற்பதுதான் அடுத்த படி. சயின்டாலஜி என்று இல்லை, 'எனர்ஜி ஹீலிங்' முதல் கிறிஸ்தவ சபை நடத்தும் 'விடுதலை ஆலோசனை' வரை, எந்த வாக்குறுதி, யாரிடம் என்ற இதே சோதனை பொருந்தும். ஆலோசகர் என்பவரிடம் சுகாதாரத் தொழில் கவுன்சில் பதிவு எண் கேளுங்கள். உளவியலாளருடையது 'பிஎஸ்' என்று தொடங்கும், பெயரைப் போட்டுக் கவுன்சிலின் இணையப் பதிவேட்டில் இலவசமாகச் சரிபார்க்கலாம். பதிவு இல்லாமல் உளவியலாளராகத் தொழில் செய்வது இங்கே குற்றம். பணம் கட்டினால் ரசீதில் கட்டணம் என்று இருக்கிறதா, நன்கொடை என்று இருக்கிறதா பாருங்கள். நேரடி விற்பனையில் வாங்கியதை ஐந்து வேலை நாளுக்குள் எழுத்து மூலம் ரத்து செய்ய நுகர்வோர் சட்டம் இடம் தருகிறது, ஆனால் நன்கொடை என்று எழுதிய தாளை வைத்துக்கொண்டு அதை வாதாடுவது கடினம். லித்தியமோ மனச்சோர்வு மாத்திரையோ சாப்பிடுபவரிடம் யார் நிறுத்தச் சொன்னாலும், மாத்திரை எழுதிய டாக்டரிடம் கேட்காமல் ஒரு வேளைகூட விடக் கூடாது.