வாசலோரம் ஒரு வெட்சி

வாசலில் சின்ன இடம்தான் இருக்கிறது, என்ன வைக்கலாம் என்று யார் கேட்டாலும் நான் வெட்சி என்றுதான் சொல்வேன். இட்லிப்பூ என்றால் சட்டென்று புரியும். தென்னிந்தியாவும் இலங்கையும்தான் இதற்குச் சொந்த மண். ஆநிரை கவரப் போன வீரர்கள் சூடியதாகப் பழம்பாடல்கள் சொல்லும் பூ இது.

என் செடியைச் சுவரை ஒட்டி நட்டதுதான் தப்பு. இரண்டாம் வருடம் இளம் இலைகளெல்லாம் வெளிறி மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிந்தது. சிமெண்ட் பூச்சிலிருந்து இறங்கும் சுண்ணாம்பு மண்ணின் காரத்தன்மையை ஏற்றிவிடும், அப்புறம் மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் அதை எடுக்க முடியாது. வெட்சிக்குக் கொஞ்சம் அமிலத்தன்மை உள்ள மண் வேண்டும். 3 அடி தள்ளி, நல்ல வெயில் படும் இடத்தில் மாற்றி நட்டு, மக்கிய இலைகளை நிறையப் போட்டேன். அடுத்து வந்த தளிர் செம்பு நிறத்தில் பளபளத்தபோதுதான் நிம்மதி.

சரி, கத்தரிப்பு. மொட்டு கிளை நுனியில்தான் வரும், அதனால் ஒரு சுற்று பூத்து முடிந்ததும் நுனியை வெட்டினால் பக்கக் கிளைகள் அடர்ந்து செடி குட்டையாக நிற்கும்; பெட்டி மாதிரி ஓயாமல் வெட்டினால் பூவே பார்க்க முடியாது.

இன்று காலை ஒரு கறுப்பு வண்ணத்துப்பூச்சி, உட்காராமல் சிறகடித்தபடியே, ஒவ்வொரு குழலாகத் தேன் குடித்துக்கொண்டிருந்தது.